மூன்றாவது வேண்டாம்

1

இந்தக் கதை ஏழு அவித்த முட்டைகளிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்துக் கேட்டால் எனக்குத்தான் கேவலம்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெண்டல் ஸ்கோக்லுண்ட் சாகக் கிடக்கிறார் என்று ஊரில் பேச்சு. கேள்விப்பட்டதும் நானும் ஒரு ஹாட்டிஷ் செய்து கொண்டுபோனேன். அமெரிக்காவில், மினசோட்டாவின் வடக்கில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு அது கைவந்த கலை. கொத்துக்கறி, அதன்மேல் டப்பாவில் வரும் காளான் சூப், அதற்கும் மேல் வரிசை வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டைகள். தட்டின் அடியில் காகித டேப் ஒட்டி என் பெயரையும் எழுதினேன். அப்போதுதான் தட்டு வீடு திரும்பும்.

ஒன்பதாம் நாள் திரும்பியது. எங்கள் ஊரில் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். பிஸ்கட்டு வைப்பார்கள், வாழைப்பழ ரொட்டியில் பாதி வைப்பார்கள். வெண்டல் ஏழு முட்டை வைத்திருந்தார்.

உரித்துத் தின்றுகொண்டே யோசித்தேன். சாகப்போகிற மனிதர் எனக்கு எதற்குப் புரதம் ஊட்டுகிறார்?

2

தொடக்கங்கள்:

"வெண்டல் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார்." இப்படி ஆரம்பித்தால் அடுத்த பத்தியில் ஆஸ்பத்திரி வாசனை வந்தே தீரும். அடித்துவிட்டேன்.

"வெளியே பனி பெய்துகொண்டிருந்தது." ஜனவரியில் எங்கள் ஊரில் வேறு என்ன பெய்யும்? இதையும் அடித்தேன்.

"வெண்டல் உருளைக்கிழங்கை விட்ட எழுபத்து மூன்றாம் நாள், உருளைக்கிழங்கே வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியது." இது இருக்கட்டும்.

தட்டியது டார்லிஸ் எங்கெப்ரெட்சன். வயது எழுபத்து நான்கு. தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறை நாற்பது வருடமாக இவருடைய ஆட்சியில்தான் இருக்கிறது. கையில் பன்னிரண்டு பேர் சாப்பிடும் அளவுக்கு ஒரு தட்டு.

"பெருசா ஒண்ணுமில்ல வெண்டல். சும்மா கொஞ்சம் பண்ணேன்."

"அய்யோ, வேண்டாம் டார்லிஸ். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்? அடுப்புதானப்பா பண்ணுச்சு."

"நிஜமாவே வேண்டாம். ரொட்டி, சர்க்கரை, கிழங்கு எல்லாத்தையும் நிறுத்திட்டேன். உடம்பக் குறைக்கிறேன்."

டார்லிஸின் கண் கலங்கிவிட்டது. வெண்டலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாப்பா. எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். ‘ஒண்ணுமில்ல டார்லிஸ், உடம்பக் குறைக்கிறேன்’னு. மூச்சு நிக்கிற வரைக்கும் வேற வார்த்தை சொல்லல."

"இல்லைங்க, நான் நிஜமா..."

"புரியுதுப்பா. நீ சொல்லவே வேண்டாம். இங்க வச்சுட்டுப் போறேன், பிடிச்சா சாப்பிடு."

"சரிங்க," என்றார் வெண்டல். "ரொம்ப நன்றி."

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். எதை நீட்டினாலும் முதல் தடவை ‘வேண்டாம்’ சொல்ல வேண்டும், அது மரியாதை. இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டும், அது வளர்ப்பு. மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ‘வேண்டாம்’ ஒன்றை நான் இந்த ஊரில் காதால் கேட்டதில்லை. ஆகவே வெண்டல் எத்தனை உண்மையாக மறுத்தாலும் அது நல்ல வளர்ப்பாகவே போய்ச் சேர்ந்தது.

அவரை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் "இனிமே இனிப்பே கிடையாது" என்று அறிவிப்பார். பிப்ரவரி பாதியில் பேருந்துக்குள் சாக்லேட் பெட்டியும் கையுமாகப் பிடிபடுவார். புலி வருது, புலி வருது என்று கத்திக் கத்தி, நிஜப் புலி வந்தபோது ஊர் அதற்குச் சவப்பெட்டி அளவெடுத்தது.

3

கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது. பன்னிரண்டு வருடம் முடியாதது இந்த வருடம் எப்படி முடிகிறது? தகுந்த காரணம் வேண்டும்.

மருத்துவர் திட்டினார் என்று எழுதிப் பார்த்தேன். மருத்துவர் திட்டி யார் திருந்தியிருக்கிறோம்? மனைவி இறந்து ஆறு வருடமாகத் தனியாக இருப்பவர் என்பதால் ஒரு காதலை நுழைத்துப் பார்த்தேன். ஊரில் துணையில்லாமல் இருக்கும் ஒரே பெண் டார்லிஸ். கரண்டியால் என்னை அடிப்பார்.

கடைசியில் அவரிடமே போய்க் கேட்டேன். சமையலறை மேசையில் எனக்கும் ஒரு முட்டை வைத்தார்.

"எழுதிருவியே நீ."

"எழுதுவேன்."

"எந்த மொழியில?"

"தமிழ்ல."

வெண்டல் கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சரி. இங்க ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது. ஆனா வாய்விட்டு யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

காரணம் அவருடைய அக்கா மார்னா. நான்கு வருடமாக வாரம் மூன்று நாள், நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். தம்பியின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அன்று வெண்டலின் எடை இருநூற்று அறுபத்தெட்டு பவுண்டு, ரத்தச் சர்க்கரையும் எல்லையில் நின்றது. "பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமை வாங்க. எடை இருநூத்தி முப்பத்தஞ்சு இருக்கணும், சர்க்கரையும் இறங்கியிருக்கணும். இல்லைன்னா எடுக்க முடியாது" என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"மூணு வருஷம் முன்னாடி எங்க பெரியப்பா மகன் ஒருத்தன் தர்றேன்னான். இவ நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகப் பெட்டியெல்லாம் கட்டி வாசல்ல வச்சுட்டா. அவன் கடைசி வாரத்துல பின்வாங்கிட்டான். அன்னைக்கு அவ மூஞ்சிய நான் பார்த்தேன். தராசு சரின்னு சொல்லட்டும், அப்புறம் சொல்றேன். இன்னொரு தடவை அவளப் பெட்டி கட்ட வைக்க மாட்டேன்."*

[சிரிப்புக் கதைக்குள் சிறுநீரகத்தைக் கொண்டுவந்தால் கனம் தாங்குமா? இரண்டு நாள் எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். சிறுநீரகம் இல்லாத வெண்டல், டார்லிஸ் படியிறங்குவதற்குள் பாதித் தட்டைக் காலி செய்துவிட்டார். திரும்பவும் சேர்த்துவிட்டேன்.]

* இங்கே அக்காவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வெண்டல் "மார்னா" என்று சொல்லும் தொனியைக் கேட்டால் என் கை தானாக "அக்கா" என்றே எழுதுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

4

பிப்ரவரி பிறந்தபோது வெண்டலின் கார் கொட்டகையில் முப்பத்தொரு தட்டுகள் இருந்தன. அந்தக் குளிரில் தனியாகக் குளிர்பெட்டி வேண்டியதில்லை, கொட்டகையே போதும். குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை, சோற்றை எறிகிற ரத்தம் அல்ல அது. யாருக்காவது கொடுக்கலாம் என்றால் ஊரில் ஒவ்வொருவருக்கும் அடுத்தவர் கைப்பக்குவம் அத்துப்படி. தட்டு கேட்டு ஆள் வந்தால் மட்டும் உள்ளிருப்பதை ஒரு பையில் தட்டி வைத்துவிட்டு, கழுவி, முட்டை வைத்து அனுப்பினார். ஊர் அதற்கும் பொருள் சொன்னது: "பாவம், முட்டை மட்டும்தான் வயித்துல தங்குதாம்."

காலை ஆறு மணிக்கு அவர் கொட்டகைக் கதவைத் திறக்கும்போது, உறைந்த அந்தத் தட்டுகள் எல்லாம் ஒரே குரலில் அவரைப் பார்த்து —

(நிறுத்திவிட்டேன். தட்டுகளைப் பேசவைக்கப் போனேன். எனக்கே வெட்கமாக இருந்தது.)

ஒருநாள் சறுக்கினார். பேருந்தைக் கழுவிவிட்டு, யாரோ இருக்கையில் வைத்துவிட்டுப் போன எலுமிச்சைக் கேக்கில் ஒரு துண்டு தின்றார். மறுநாள் ஒன்றரைப் பவுண்டு ஏறியிருந்தது. ஒரு துண்டுக்கு எப்படி ஒன்றரைப் பவுண்டு ஏறும் என்று கேட்டேன். அடுத்த முட்டையை உரிக்கும்போது "அரைத் தட்டு" என்றார்.

5

எட்டாம் தேதி சனிக்கிழமை காலை எடை இருநூற்று முப்பத்தாறரை. இன்னும் ஒன்றரை. இரண்டு நாள் வாயைக் கட்டினால் தொட்டுவிடலாம். மனிதர் விசிலடித்துக்கொண்டே பெல்ட்டில் ஆணியால் ஐந்தாவது துளை போட்டார்.

மத்தியானம் டார்லிஸ் தொலைபேசியில் அழைத்தார். சர்ச்சில் நாற்காலி மடக்க ஆள் வேண்டுமாம். போனார். கீழ்த்தளக் கதவைத் திறந்ததும் நூற்று நாற்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். சுவரில் ‘நாங்கள் உன்னோடு இருக்கிறோம் வெண்டல்’ என்று பதாகை. நீளமான மேசைகளில் பேன்கேக் அடுக்குகள், வெண்ணெய், குடம் குடமாகப் பாகு. எங்கள் ஊரில் ஒருவர் சாகப்போகிறார் என்றால் எல்லாரும் கூடி அவர் பெயரில் சாப்பிடுவோம்.

அந்த அறையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், வாயில் பேன்கேக்கும் இருந்தது.

வெண்டலுக்கு அழுகை வந்தது. இத்தனை பேருக்குத் தன்மேல் இவ்வளவு அன்பு இருப்பது அவருக்குத் தெரியாது. அந்த அன்பு முழுவதும் மைதாவில் செய்யப்பட்டிருந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். அப்போதுதான் சமையலறைக்குள்ளிருந்து மார்னா வந்தார்.

கண்கள் வீங்கியிருந்தன. கையில் லெஃப்ஸ. உருளைக்கிழங்கை மசித்துத் துணி மாதிரி மெல்லிசாக இட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டும் ரொட்டி அது. சின்ன வயதில் வெண்டல் ஒரே மூச்சில் பதினொன்று தின்றிருக்கிறார். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத மார்னா, இதற்காகக் காலையிலிருந்து நின்றிருக்கிறார்.

"டேய் வெண்டல். ஊரே சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லணும்னு தோணலல்ல உனக்கு?"

"அப்படியில்லக்கா..."

"பேசாத. முதல்ல சாப்பிடு."

"வேண்டாம்க்கா. இப்பதான்..."

"ஒண்ணே ஒண்ணு. நாலு மணி நேரம் நின்னு போட்டதுடா."

"வேண்டாம்க்கா."

இரண்டாயிற்று. தட்டு நீட்டியபடியே இருந்தது.

6

முடிவை எங்கள் ஊர் முறைப்படி உங்களுக்கு நீட்டுகிறேன்.

முதல் முடிவு. வெண்டல் நாற்காலிமேல் ஏறி நின்று எல்லாவற்றையும் சொல்கிறார். நூற்று நாற்பது பேரும் பேன்கேக்கைத் தள்ளிவைத்துவிட்டு முட்டை தின்கிறார்கள். வேண்டாம் என்கிறீர்கள். நல்லது, மரியாதை தெரிந்தவர்.

இரண்டாம் முடிவு. அக்காவின் மனம் நோகக்கூடாதென்று வெண்டல் நாலைந்து தின்றுவிடுகிறார். திங்கட்கிழமை நர்ஸ் சிரித்துக்கொண்டே இருநூற்று முப்பத்தைந்து என்று எழுதிக்கொள்கிறார். இதுவும் வேண்டாம் என்கிறீர்கள். எந்த நர்ஸும் அப்படி எழுத மாட்டார், எழுதவும் கூடாது.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. அது நடந்தது.

7

"கடைசியாக் கேக்கறேன்," என்றார் மார்னா. "வாங்கிக்கோ வெண்டல்."

"வேண்டாம்."

டார்லிஸின் கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டியது. யாரோ இருமத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் நான் முதல்முறையாக அதைக் கேட்டேன்.

மார்னா தம்பியை உற்றுப் பார்த்தார். சட்டைக்கு வெளியே ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்த்தார். அதிலிருந்த ஐந்து ஆணித் துளைகளைப் பார்த்தார். நான்கு வருடமாக, ஒவ்வொரு டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் தராசில் ஏறி இறங்குகிறவர் அவர். பவுண்டு எண்ணுகிறவனின் முகமும், சிறுநீரகம் தருகிறவருக்கு எடை வரம்பு உண்டு என்பதும் அவருக்குத் தெரியாதா?

தட்டை மேசைமேல் வைத்தார்.

"இன்னும் எத்தனை?"

"என்னது எத்தனை?"

"நடிக்காதடா. இன்னும் எத்தனை பவுண்டு?"

வெண்டல் தரையைப் பார்த்தார். "ஒண்ணரை."

"என்னைக்குள்ள?"

"திங்கக்கெழம."

மார்னா பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"முட்டாப் பயலே. நீ போயிடுவேன்னு ரெண்டு வாரமா நான் அழுதுட்டுக் கெடக்கேன். சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ மறுபடியும் பெட்டி கட்டியிருப்பக்கா."

"கட்டின பெட்டியா?" மார்னா முந்தானை இல்லாத தேசத்தில் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அத நான் இன்னும் பிரிக்கவே இல்லடா. மூணு வருஷமா வாசல்லயேதான் இருக்கு."

வெண்டல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டார்லிஸ்தான் முதலில் சுதாரித்தார். "அப்ப நிஜமாவே உடம்பத்தான் குறைச்சியா?" என்று கேட்டார். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது என்று நான் எழுதினால் அடுத்த ஞாயிறு எனக்குக் காப்பி கிடைக்காது. "சரி, இந்த லெஃப்ஸய யாரு சாப்பிடறது? மார்னா, நீயாவது..."

"எனக்கு உருளைக்கிழங்கு ஆகாதே டார்லிஸ். சிறுநீரகம்."

அக்காவும் தம்பியும் நடுவிலிருந்த தட்டைப் பார்த்தார்கள். வெண்ணெய் இன்னும் உருகிக்கொண்டிருந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை தராசு என்ன காட்டியது என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. இந்த வரியில் இன்னும் சனிக்கிழமைதான், மார்னா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தராசில் நீங்கள்தான் வெண்டலை ஏற்றி நிறுத்த வேண்டும்.

டார்லிஸ் தட்டை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருகிறார். என்னைத் தாண்டிவிட்டார். இப்போது உங்கள் முன்னால் நிற்கிறார், "ஒண்ணு எடுத்துக்கோங்க" என்கிறார்.

வேண்டாம் என்பீர்கள். தெரியும். அது முதல் வேண்டாம்.