கலங்கலுக்குக் கீழே ஒரு மனை

உத்திரமேரூரில் பொய் சொல்லாத நிலத் தரகர் ஒருவர் இருந்தார். ரொம்ப நாள் இல்லை, ஆனியில் ஆரம்பித்து ஐப்பசி மழை வரைக்கும்தான். ஆனாலும் இருந்தார். நானே கண்ணால் பார்த்தேன்.

எனக்கு அப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை. எண்பத்திரண்டோ மூணோ. கேழ்வரகு விளைந்த புஞ்சையில் நாலு கல்லை நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்கு 'நகர்' என்று பெயர் வைக்கிற பழக்கம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த சமயம். நகரில் வீடு இருக்காது. பெயர்ப்பலகை இருக்கும். அதில் ஒரு ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும். காஞ்சிபுரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பார்ட்டிகள் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். தரகர்கள் என் கடையில் சைக்கிள் எடுத்து, அவர்களைப் பின்னால் உட்காரவைத்து, ஆட்டை ஓட்டிவிட்டு மனையைக் காட்டுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் வந்து சேர்ந்தவர்தான் பஞ்சாட்சரம். தலை பாதி நரைத்த பிறகு தொழில் மாறிய மனிதர். அதற்கு முன்னால் கல்யாணத் தரகர். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்பார்களே, பஞ்சாட்சரம் ஆயிரம் சொல்லிவிட்டு மேலே கொசுறும் போடுவார். வேலைக்குப் போகாத பையன் அவர் வாயில் 'எவன்கிட்டயும் கைகட்டி நிக்காத புள்ள'. கடன்காரன் 'நாலு பேர் தேடிக்கினு வர்ற மனுசன்'. இப்படி அவர் முடித்துவைத்த கல்யாணங்கள் சுற்றுவட்டாரம் பூராவும் சௌக்கியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

வினை எங்கே வந்தது என்றால், அவர் பெண்ணுக்கே வரன் பார்க்கும்போது வந்தது.

ஞானசுந்தரி நல்ல பெண். லட்சணமான பெண். கையும் காலும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. தொண்டை மட்டும் கொஞ்சம் விஸ்தாரம். சின்ன வயதிலிருந்து கழனியில் கிளி ஓட்டி வளர்ந்த தொண்டை. மற்றவர்கள் கிளி ஓட்டத் தகர டப்பா தட்டுவார்கள், கவண் வீசுவார்கள். ஞானசுந்தரி வரப்பில் நின்று 'ஏய்' என்பாள். எங்கள் ஊர்க் கிளி பக்கத்து ஊரான பெருநகரில் போய் உட்காரும். பெருநகர்க் கிளி செய்யாற்றைத் தாண்டிவிடும்.

திருப்புட்குழியிலிருந்து ஏகாம்பரம் என்பவர் தன் மகன் ஆனந்தனுக்குப் பெண் பார்க்க வந்தார். சொந்தத் தறி வைத்துப் பட்டு நெய்கிறவர். பஞ்சாட்சரம் அன்றைக்கு மகள் வாயில் எலுமிச்சம்பழம் அத்தனை கல்கண்டுக் கட்டி ஒன்றைப் போட்டு, அது கரைவதற்குள் சபையை முடித்துவிட்டார். எல்லோருக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது.

"பொண்ணு கொணம் எப்படி?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"என் பொண்ணு பேசினா பக்கத்துல எரியற குத்துவிளக்குச் சுடர்கூட அசையாதுங்க" என்றார் பஞ்சாட்சரம்.

ஏகாம்பரம் வெற்றிலையை மடித்தபடியே யோசித்தார். "எங்க ஒண்ணுவிட்ட தம்பிக்கு ஒரு மருமவ பாத்துக் குடுத்தியே, அதுக்கும் இதே குத்துவிளக்கைத்தான் சொன்னே. இப்ப அந்த வூட்ல ஓடு ஆடுது. பொண்ணு பிடிச்சுக் கீது பஞ்சாட்சரம். உன் பேச்சுதான் பிடிபடலை. தைக்கு மேல பாக்கலாம்."

'தைக்கு மேல பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத் தரகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே எத்தனையோ வீட்டில் அதை மொழிபெயர்த்துச் சொன்னவர்.

ராத்திரி மகளைக் கேட்டாராம், மாப்பிள்ளை எப்படி என்று. "மாப்புள்ள பிடிச்சுக் கீது நைனா. ஆனா ஆயுசுக்கும் வாயில கல்கண்டை வெச்சிக்கினு குடித்தனம் பண்ண முடியாது. நீ இன்னா பொய்ய வேணா சொல்லிக்கோ, சொல்றது ஒட்டற மாதிரி சொல்லு" என்றாள். அவள் சொன்னது எனக்கே கேட்டது. என் வீடு நாலு தெரு தள்ளி.

ஆக, பொய் சொல்கிற தொழிலை விட்டால்தான் தன் வார்த்தை சபையில் ஏறும் என்று முடிவு பண்ணி, பஞ்சாட்சரம் நிலத் தரகுக்கு வந்தார். ஏன் சிரிக்கிறீர்கள்? அவர் அப்படித்தான் நம்பினார்.

அங்கே பெரிய கை சின்னராசு. பஞ்சாட்சரத்தைவிட வயதில் சின்னவன், தொழிலில் பழம். பாலிஸ்டர் சட்டை, பாக்கெட்டில் மை இல்லாத பேனா. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே வேதம் ஓதுவான்.

"அண்ணாத்தே, பங்குனி சித்திரையில மனை காட்டினா நாம புரோக்கர். ஐப்பசியில காட்டினா நாம ஓடக்காரன். அது மொதல்ல. பார்ட்டியை நேரா மனைக்கு இட்டுக்கினு போவாத. கோயிலுக்குப் போ, ஒரு தேங்கா ஒடை, நாஷ்டா வாங்கிக் குடு. வவுறு ரொம்பினவன் கல்லு முள்ளப் பாக்க மாட்டான். பஸ் ஸ்டாண்டுலருந்து எவ்ளோ தூரம்னு கேட்டா மைல்ல சொல்லாத, ஒரு பீடி தூரம்னு சொல்லு. பீடி எவ்ளோ நீளம்னு அவன் கேக்க மாட்டான். முக்கியமா, மாடு மேய்க்கறவன்கிட்ட பார்ட்டியைப் பேசவுடாத. அவனுக்கு நெலத்தோட ஜாதகமே தெரியும், கேக்காமயே சொல்லுவான்."

"நெசத்தைச் சொல்லி விக்க முடியாதா தம்பி?" என்றார் பஞ்சாட்சரம்.

சின்னராசு டீ கிளாஸைக் கீழே வைத்தான். "சொல்லலாம். ஆனா விக்கணும்னு சொன்னியே?"

நாலு வாரம் வெயிலில் மிதித்தார். ஒரு பார்ட்டி மூன்று நாள் இட்லி தின்றுவிட்டு, சும்மா ஊரைப் பார்க்க வந்தேன் என்றது. ஒரு மனைக்காரர் பேச்செல்லாம் முடிந்து வெற்றிலை மாற்றுகிற நேரத்தில், திருத்தணியில் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு அண்ணன் இருப்பதை ஞாபகப்படுத்திக்கொண்டார். இன்னொரு இடத்தில் வாங்குகிறவரும் விற்கிறவரும் பஞ்சாட்சரத்தை டீ சொல்ல அனுப்பிவிட்டு, அவர் டீயோடு வருவதற்குள் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். டீயை மட்டும் வாங்கிக் குடித்தார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். வேறு எதுவும் நடக்காது.

தரகர் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவராலும் விற்க முடியாத மனை ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் கட்டுவார்கள். அந்த வருஷம் அது சொக்கம்மாளின் மனை. ஏரிக் கலங்கலுக்குக் கீழே இருந்தது. கலங்கல் தெரியுமில்லையா? ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம். வழிகிற தண்ணீர் போவதற்கு முன்னால் கொஞ்சம் நின்று இளைப்பாறும் இடம் சொக்கம்மாள் மனை. சின்னராசு அதைப் பஞ்சாட்சரத்துக்கு ஆசீர்வாதம் பண்ணிக் கொடுத்தான்.

ஆடி மாதம் ஒரு காலையில் பார்ட்டி வந்து இறங்கியது. பட்டுக்கரை வேட்டி, கையில் குடை. திருப்புட்குழி ஏகாம்பரம். தறிக் கொட்டகை போட மலிவாக இடம் வேண்டுமாம்.

"நீயா? நீ எப்ப இந்தத் தொழிலுக்கு வந்தே?" என்றார் ஏகாம்பரம்.

"பொய் சொல்றத வுட்டுட்டேங்க. அதான்" என்றார் பஞ்சாட்சரம்.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த சின்னராசுக்குப் புரை ஏறியது.

பஞ்சாட்சரத்துக்கு ஆளை ஏற்றிக்கொண்டு மிதிக்க வராது. ஏகாம்பரத்தை நான்தான் ஏற்றிப் போனேன். ஆடிக் காற்றில் மனை காய்ந்து கிடந்தது, அழகாக, சமமாக, ஒரு புல் இல்லாமல். ஏகாம்பரத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் மனசு வந்துவிட்டது. பஞ்சாட்சரத்தின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு எதிரே நிற்பது மனை வாங்க வந்தவர் இல்லை, மகளுக்கு மாமனாராக வேண்டியவர். இன்றைக்கு ஒரு பொய் சொல்லி, அது ஐப்பசியில் பல்லைக் காட்டினால், கல்யாணம் தைக்கு மேலேயும் இல்லை, எதற்கு மேலேயும் இல்லை.

"அண்ணே, இது வேணாம். ஐப்பசியில இங்க தண்ணி நிக்கும்."

"எவ்ளோ நிக்கும்?"

"இடுப்பு வரைக்கும். அதோ முள்ளு மூடிக் கீதே, அங்க ஒரு பாழுங்கிணறு. தண்ணி வந்தா கிணறு எது தரை எதுன்னு தெரியாது. வேற எடம் காட்டறேன்."

ஏகாம்பரம் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். "இன்னாய்யா இவன் இவ்ளோ மட்டம் தட்டறான்? எந்தப் புரோக்கராவது தான் விக்கற நெலத்தைத் திட்டுவானா? இவனே வளைச்சுப் போடப் பாக்கறானா, வேற பார்ட்டி எதுனா கீதா?"

நான் சைக்கிள் செயினைப் பார்த்தேன். சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன் நிலத்து விஷயத்தில் வாய் கொடுக்கக்கூடாது.

அதன் பிறகு நடந்தது தரகுத் தொழிலில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பஞ்சாட்சரம் கையெடுத்துக் கும்பிட்டு வாங்காதீங்க என்றார். ஏகாம்பரம் விலையை ஏற்றினார். பஞ்சாட்சரம் சொக்கம்மாள் வீட்டு வாசலில் குறுக்கே நின்றார். ஏகாம்பரம் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். சொக்கம்மாள் பயந்துபோய், "இன்னாத்துக்கு இவ்ளோ? அடியில புதையல் கிதையல் கீதா?" என்று விற்க மாட்டேன் என்று ஒரு நாள் அடம் பிடித்தாள். கடைசியில் ஆவணியில் ரிஜிஸ்தர் ஆனது. சின்னராசு அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆள் ஆளாகப் பிடித்து, "நெசத்தைச் சொல்லிக் கூடவா வியாபாரம் ஆவும்? இது தெரியாம இத்தினி வருசம் தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கினு இருந்தேனே" என்று புலம்பினான்.

பஞ்சாட்சரம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, கலங்கல் வழிந்தது. கலங்கல் வழிந்தால் எங்கள் ஊரில் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்க்கப் போவார்கள். கரை மேல் வரிசையாகக் குடையும் கோணிப்பையும். அதில் ஞானசுந்தரியும் நின்றாள்.

அதே நாளில் ஏகாம்பரம் ஒரு கொத்தனாரோடு பூசைச் சாமான் எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்துக்கு வந்து சேர்ந்தார். மனை இருந்த இடத்தில் தண்ணீர். கொத்தனார் திரும்பி பஸ் ஏறிவிட்டார். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி, தன் எல்லைக் கல்லைத் தேடி இறங்கிவிட்டார். சேதி கேட்டுப் பஞ்சாட்சரமும் நானும் ஓடினோம். நாங்கள் தண்ணீரில் கால் வைக்கும்போது அவர் நடுமனையில் இருந்தார். நேரே கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பஞ்சாட்சரம் கத்திப் பார்த்தார். கலங்கல் இரைச்சலில் அவர் குரல் அவர் மூக்கைத் தாண்டவில்லை.

அப்போதுதான் கரை மேலிருந்து வந்தது.

"யோவ் குடை! அங்கியே நில்லு! இன்னொரு அடி வெச்சா கிணறு! அப்டியே பின்னால வா!"

ஏரியில் இருந்த கொக்கு அத்தனையும் எழுந்தது. பஸ் ஸ்டாண்டில் காஞ்சிபுரம் வண்டி டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு, எவன் குறுக்கே வந்தது என்று இறங்கிப் பார்த்தாராம். கலங்கல் இரைச்சலே ஒரு கணம் நின்றது என்பார்கள். அது பொய். குறைந்தது, அவ்வளவுதான்.

ஏகாம்பரம் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றார். பிறகு சொன்னபடியே பின்னால் பின்னால் நடந்து எங்கள் கையில் வந்து சேர்ந்தார். கரையில் ஞானசுந்தரி, குடை யார் என்று அடையாளம் கண்டு, ஒரு கோணிப்பைக்குப் பின்னால் மறைந்தாள்.

"யாரு அது?" என்றார் ஏகாம்பரம், குளிரில் பல் தந்தியடிக்க.

பஞ்சாட்சரம் ஆனியிலிருந்து கட்டிக் காத்த விரதம் அங்கேதான் முடிந்தது.

"கோயில் மைக் செட்டுங்க. மழக் காலத்துல எச்சரிக்கை பண்ணுவாங்க."

ஊரில் முந்தின நாளே கரண்ட் போய்விட்டது. அது ஏகாம்பரத்துக்குத் தெரியாது.

ஏகாம்பரம் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். இடுப்பு வரைக்கும் இருந்தது. நிமிர்ந்து பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"இடுப்புன்னு சொன்னே, இடுப்புதான் கீது. கிணறுன்னு சொன்னே, கிணறு கீது. நான்தான் உன்னைப் புரோக்கர்னு நெனைச்சிட்டேன். அப்ப பொண்ணைப் பத்திச் சொன்னதும்..."

பஞ்சாட்சரம் நனைந்த வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"குத்துவிளக்குச் சுடர்கூட" என்று ஏகாம்பரமே ஆரம்பித்து, "அசையாதுன்னு சொன்னே" என்று ஏகாம்பரமே முடித்தார்.

பஞ்சாட்சரம் தலையை மட்டும் அசைத்தார். வாயால் எதுவும் சொல்லவில்லை என்பதற்கு நான் சாட்சி.

தையில் கல்யாணம். கல்கண்டுக் கட்டி இந்தத் தடவை கொஞ்சம் பெரிசு.

மாசி பிறந்து ஒரு காலையில் நான் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பெஞ்சில் பஞ்சாட்சரம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து ஏகாம்பரம் இறங்குவதைப் பார்த்ததும் பீடி மட்டும் பெஞ்சில் இருந்தது. ஆள் டயர் அடுக்குக்குப் பின்னால்.

ஏகாம்பரம் நிதானமாக வந்து உட்கார்ந்தார். பீடியை எடுத்துப் பார்த்து, அணைத்து வைத்தார்.

"உங்க ஊரு கோயில் மைக் செட்டு கீதே" என்றார்.

"ஆமாங்க."

"அதை எங்க வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

நான் ஒட்டின இடத்தை அழுத்திப் பிடித்தேன்.

"எல்லாத் தறியும் ஓடும்போதுகூட நல்லா கேக்குது. இப்ப தறியில ஒருத்தனும் தூங்கறதில்ல. பாவு நூலு எப்ப அறுந்துச்சி, எவன் பீடிக்கு எழுந்து போனான், எல்லாம் தெருக்கோடி வரைக்கும் சேதி போவுது. சரக்கு நேரத்துக்கு முடியுது." கொஞ்சம் யோசித்தார். "எனக்கு வேற எடம் வேணும். சம்பந்தி கைல எதுனா கீதா?"

டயருக்குப் பின்னாலிருந்து, "கீதுங்க. மேட்டு நெலம். சொட்டுத் தண்ணி நிக்காது" என்று மெதுவாக வந்தது.

"அப்ப நிக்கும்" என்றார் ஏகாம்பரம் என்னிடம். "பரவாயில்ல, மருமவளக் கூட்டியாந்து கீறேன். அது பாத்துச் சொல்லும். பஸ்ஸாண்ட பூ வாங்கிக்கினு நிக்குது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"நைனா! டயருக்குப் பின்னால குந்திக்கினு இன்னா பண்ற?"

டயர் அடுக்கு சரிந்தது.