மாப்பிள்ளை வந்த மாற்று வழி

கொழும்பு வெள்ளவத்தையில் உஷாந்திக்காகக் காத்திருப்பவர்கள் எல்லாருமே வெறுவயிற்றோடுதான் காத்திருப்பார்கள். அவளுக்கு இரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. காலையில் சைக்கிளை எடுத்தால் வீடு வீடாகப் போவாள். சீனி வருத்தக்காரர், கொலஸ்ட்ரோல்காரர், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்கிற ரகத்தினர் எல்லாருடைய கையிலும் ஊசி குத்தி, எடுத்த இரத்தத்தைக் கரியரில் கட்டியிருக்கும் நீலக் குளிர்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு திரும்புவாள். அவள் வந்து போனால்தான் அந்த வீடுகளில் தேத்தண்ணி. அதனால் கொஞ்சம் பிந்தினாலும் கதவைத் திறக்கிற முகம் எதிலும் நல்லெண்ணம் இருக்காது.

சைக்கிள், பெற்றோல் வரிசைக் காலத்தில் வந்தது. அவளுடைய கணவன் மோட்டார் சைக்கிளோடு அந்த வரிசையிலேயே குடியிருந்தபோது, அவள் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓடத் தொடங்கினாள். வரிசைகள் மறைந்த பிறகும் அதைவிட்டு இறங்கவில்லை. நாற்பது வயதில் பிடித்துக்கொண்ட நல்ல பழக்கம் என்பதால் அதைப்பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே கதைப்பாள். கார் வைத்திருக்கும் சொந்தக்காரரைப் பார்த்தால் பரிதாபப்படுவாள். அதை வெளியே காட்டிக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரருக்கெல்லாம் தெரியும்.

இந்தச் சீரான வாழ்க்கைக்குக் குறுக்கே கழிவுநீர்க் குழாய் ஒன்று வந்தது. பிரதான வீதியான காலி வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கம் இறங்கும் ஒரு வீதியைக் கிண்டி, வாகனங்கள் போகமுடியாதபடி மறித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் முன்கூட்டியே இன்னொரு வீதியால் திரும்பி, ஊரெல்லாம் சுற்றித்தான் போகவேண்டும். அதைச் சொல்வதற்கு அந்த மாற்று வீதியின் வாயில் மஞ்சள் பலகை ஒன்று நின்றது. மூன்று மொழியில் எழுத்து, கீழே இடப்பக்கம் காட்டும் பெரிய அம்புக்குறி. தமிழில் மட்டும் ‘மாற்று வலி’ என்றிருந்தது. சைக்கிள்காரரைப் பொறுத்தவரை அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

ஏனென்றால் பலகை நின்ற இடம் வீதியின் இடது ஓரம். சைக்கிளுக்குக் காலி வீதியில் இருக்கிற ஒரே இடமும் அதுதான். பலகையைச் சுற்றிப் போவதென்றால் நடு வீதிக்கு ஏறவேண்டும். அங்கே பஸ்கள், தங்களுக்கென்றே போட்ட வீதி என்கிற நினைப்பில் பறந்து வரும்.

வேலைகளைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வையாளர் பௌஸி நானாவிடம் அவள் முதல் நாளே போய்ச் சண்டை பிடித்தாள்.

“நானா, போர்டை உதில வச்சா சைக்கிள் எதால போறது?”

“பிளான்ல எப்பிடி ஈக்கிதோ அப்பிடித்தான் மிஸ் நாங்க வெக்கிற.”

“பிளான்ல சைக்கிள் இருக்கா?”

பௌஸி உண்மையாகவே பிளானைத் திறந்து பார்த்தார். நல்ல மனுஷன்தான். “சைக்கிள் இல்ல மிஸ்,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மடித்து வைத்தார். கிண்டிய வீதிக்குள் பாதசாரிகளுக்குப் பலகைப் பாலம் போட்டிருப்பதாகவும், அதனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம் என்றும் வழி சொன்னார். இறங்குவதா? உஷாந்தி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பதிலாகத் தினமும் காலையில் பலகையைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டுப் போனாள். பௌஸியின் ஆட்கள் தினமும் அதைத் திரும்ப வீதியில் வைத்தார்கள். இரண்டு தரப்பும் இதைப்பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நடைபாதை முழுக்கச் சல்லிக்கல் குவித்திருந்தது. பலகையை வைக்க இடமில்லை. முதல் வீட்டுக் கிழவர் ஏற்கனவே இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். உஷாந்தி பலகையைத் தூக்கிக்கொண்டு சற்றுப் பின்னால் நடந்து, தன்னுடைய ஒழுங்கையின் மூலையில், மதிலோடு சாத்தி வைத்தாள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாத அருமையான இடம். திருப்தியோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

அம்புக்குறி இப்போது அவளுடைய ஒழுங்கையைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒழுங்கையின் மறுமுனையில் வழி கிடையாது, மதில்தான் இருக்கிறது.

குளிர்பெட்டியை நிறைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது காலி வீதியில் ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஒழுங்கையின் வாயில் கல் லொறி ஒன்று பாதி உடம்பை உள்ளேயும் பாதியை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் உலகம். லொறிக்கு முன்னால், ஒழுங்கைக்குள்ளே, ரோஜாப்பூ ஒட்டிய ஒரு கார். அதற்கும் முன்னால், மதிலை முட்டிக்கொண்டு, பட்டுச்சேலைகள் நிரம்பிய ஒரு வான்.

உஷாந்தி மூலையைப் பார்த்தாள். மஞ்சள் பலகை, அவள் சாத்திய கோணம்கூட மாறாமல், ஒழுங்கைக்குள் வரச்சொல்லி அழைத்துக்கொண்டிருந்தது.

அடுத்ததாக அவள் செய்ததை வீரச்செயல் என்று சொல்லமுடியாது. எல்லாரும் லொறியையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பலகையை மெதுவாகத் தூக்கி, பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்போதுதான் வந்தவள் போல மணியை அடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

நடுவில் மாப்பிள்ளையின் தாய்மாமன் சின்னராசா, லொறிச் சாரதியைப் பிடித்து விளாசிக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவர்கள். கால்வாய்ப் பக்கத்து மண்டபத்தில் பெண் வீட்டார் காத்திருக்கிறார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது.

“போர்ட் எகே தியெனவனே, மாத்தயா!” என்று சாரதி கெஞ்சினான். பலகையில்தானே போட்டிருக்கிறது என்று மூலையைக் கைகாட்டினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் மதில் மட்டும் இருந்தது.

“பாத்தியளே, பச்சைப் பொய்!” என்றார் சின்னராசா. அவருடைய காரும் அதே பலகையைப் பார்த்துத்தான் திரும்பியது என்பது கோபத்தில் அவருக்கு மறந்துபோயிருந்தது. சாரதி தன் கண்ணையே நம்பாதவன் போல மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த முகத்தைத்தான் உஷாந்தியால் தாங்கமுடியவில்லை.

“மாப்பிள்ளையை நான் கொண்டுபோய் விடுறன்,” என்றாள்.

“எதில பிள்ளை?”

அவள் சைக்கிள் மணியைத் தட்டிக் காட்டினாள்.

சின்னராசா சைக்கிளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், காருக்குள் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வியர்த்துக்கொண்டிருந்த மருமகன் கஜேந்திரனைப் பார்த்தார். முச்சக்கரவண்டி பிடிக்க ஓடிய மாப்பிள்ளைத் தோழன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். இருந்த வண்டியெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் அடைபட்டு நின்றதாம். நடப்பதென்றால் நேரம் போதாது.

“அவரே சைக்கிளை ஓடிக்கொண்டு போகட்டுமே,” என்று வானிலிருந்து ஒரு குரல் வந்தது.

கஜேந்திரன் கூச்சத்தோடு இறங்கினான். “எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாதக்கா,” என்றான் மெல்ல.

பெட்டியை அவிழ்த்து மாப்பிள்ளையைக் கரியரில் இருத்தி, பெட்டியை அவன் மடியில் வைத்தாள் உஷாந்தி. “இதைக் கவனமாப் பிடியுங்கோ தம்பி. குலுக்காதேங்கோ.”

“உள்ளுக்கு என்னக்கா?”

“இரத்தம்.”

கஜேந்திரன் அதற்குப் பிறகு அசையவில்லை.

மாற்று வீதியால் சுற்றுவதென்றால் தாலி கட்டி, சாப்பாடும் முடிந்த பிறகுதான் போய்ச்சேரலாம். குறுக்கு வழி ஒன்றே ஒன்றுதான். உஷாந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை நாளும் எட்டிப்பார்க்காத கிண்டிய வீதிக்குள் சைக்கிளைத் திருப்பினாள். வாயிலேயே பௌஸி நின்றார். தலைப்பாகையில் தொடங்கி நீலப் பெட்டி வரை நிதானமாகப் பார்த்தார்.

“இறங்குங்க மிஸ்.”

“நானா, முகூர்த்தம்!”

“முகூர்த்தமோ என்னமோ, பாலத்துல சைக்கிள் ஓட ஏலா. ரெண்டு பேரும் குழிக்குள்ள விழுந்தா நான்தான் பதில் செல்லணும்.”

உஷாந்தி இறங்கினாள். பாலத்துக்கு முன்னால் முழங்கால் அளவுக்குச் சேறு. மாப்பிள்ளை அதைப் பார்த்தான், தன் வேட்டியைப் பார்த்தான், கிட்டத்தட்ட அழுதுவிட்டான். பௌஸி விசில் ஊதினார். குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் ஏறி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, தங்கள் கைகளைக் கோத்து இருக்கை செய்தார்கள். கஜேந்திரன் அதில் ஏறி, மடியில் நீலப் பெட்டியோடு, தேரில் போகும் சுவாமி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு சேற்றையும் பாலத்தையும் கடந்தான். பின்னால் உஷாந்தி வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். வீட்டுப் பல்கனிகளில் நின்றவர்கள் போனை எடுத்துப் படம்பிடித்தார்கள்.

மறுபக்கம் வீதி இறக்கம். சைக்கிள் நன்றாக ஓடியது. காற்று முகத்தில் பட்டதும் உஷாந்தியின் மனதுக்குள் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

“தம்பி, அந்த லொறிக்காரன் பொய் சொல்லேல்ல. போர்ட் அங்கதான் இருந்தது. நான்தான் காலமை தூக்கி வச்சனான். பிறகு நான்தான் எடுத்தும் போட்டன்.”

 

“அக்கா,” என்றான் கஜேந்திரன், “இதை இப்ப, நான் குதிக்கவும் ஏலாத நேரத்தில சொல்லவேணுமா?”

“கோபமா தம்பி?”

“கோபப்பட்டா பெட்டி குலுங்கும்.”

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். சைக்கிள் ஒருதரம் வளைந்து, பிறகு நேராகியது.

மண்டப வாசலில் நாதஸ்வரக்காரர் ஊதுவதற்கு வாயில் வைத்தவர், வந்த வாகனத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பெண்ணின் தகப்பன் ஓடி வந்தார். அதற்குள் வீடியோக்காரன் முன்னால் வந்து கையைக் காட்டி மறித்தான்.

“அக்கா, சூப்பர்! ஆனா வெளிச்சம் எதிர்ப்பக்கம். ஒருக்கா அந்த முடக்குக்குப் போயிட்டுத் திரும்ப வாங்கோ.”

“தம்பி, தாலி கட்டவேணும்!” என்று தகப்பன் கத்தினார்.

“அங்கிள், இது வேற ஒருத்தருக்கும் கிடைக்காத ஷொட்!”

உஷாந்தியும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீதி வளையும் அந்த முடக்கு வரை போய்த் திரும்ப வந்தார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. கெட்டிமேளம் முழங்கியபோது உஷாந்தி வாசலில் நின்று பெட்டிக்குள் குளிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வெளிக்கிடுவதற்குள் மணப்பெண் துஷாந்தினி ஆளனுப்பி உள்ளே கூப்பிட்டு, தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்துக் கொடுத்தாள்.

பின்னேரம், பரிசோதனைக் கூடத்தில் பெட்டியை ஒப்படைத்துவிட்டு, அவள் மறுபடி மண்டபத்துக்குப் போனாள். அதற்குள் லொறியை ஒருவாறு பின்னால் எடுத்து வழிவிட்டிருந்தார்கள். சின்னராசா பந்தி மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஓரமாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

“அப்ப நான் அந்தப் பொடியனை ஏசினது...”

“என்னை ஏசியிருக்க வேணும் அண்ணை.”

“இனி எப்பிடிப் பிள்ளை ஏசுறது? வீடியோவில நீங்கள்தானே முதலாவது ஆள்.”

வாழையிலைச் சாப்பாடு மூன்று பார்சல் கட்டி, இன்னும் காலி வீதியோரத்தில் நின்ற லொறிச் சாரதியிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். மன்னிப்புக் கேட்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்லவேண்டும் என்று போகிற வழியெல்லாம் தோழனிடம் கேட்டுக்கொண்டே போனார்.

மறுநாள் காலையில் பௌஸி பலகைக்குப் பக்கத்தில் நின்றார். உஷாந்தி சைக்கிளை நிறுத்தினாள்.

“பத்து கிலோ போர்டுக்குக் கால் முளைக்கிற கதை நான் இதுக்கு முந்திக் கேட்டதில்ல மிஸ்.”

“நான்தான் நானா. பிழைதான். ஆனா ஒருக்கா இதில ஏறி, போர்டைச் சுத்திப் போய்ப் பாத்திட்டு ஏசுங்கோ.”

அவர் விளையாட்டாகத்தான் லேடீஸ் சைக்கிளை வாங்கினார். காற்சட்டைக் காலை மடித்து ஏறினார். பலகையைச் சுற்றி நடு வீதிக்கு ஏறியதுதான் தாமதம், பின்னால் பஸ் ஒன்று தன் முழு மூச்சையும் ஹோர்னில் விட்டது. பௌஸி தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதிக்கொண்டு மிதித்து, வீதியோரம் நின்ற ஒரு செவ்விளநீர் வண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது சல்லிக்கல்லுக்கு மேலால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

“அல்லாஹ்வே, காதுக்குள்ளயே அடிக்கிறான் மிஸ். தினமும் இதாலயா போறீங்க?”

“ஓம் நானா.”

அன்று மத்தியானமே சல்லிக்கல் குவியல் போய்விட்டது. பலகையை விளக்குக் கம்பத்தோடு, வீதிக்கு வெளியே, கம்பியால் கட்டினார்கள். வீதியோரம் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குக் காலியாகக் கிடந்தது. உஷாந்தி அதில் இரண்டு நாள் அரசி மாதிரிப் போய்வந்தாள்.

மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு முச்சக்கரவண்டி நின்றது. அவள் மணியை அடித்தாள். சாரதி தலையை வெளியே நீட்டினான்.

“அக்கா, இது சைக்கிளுக்கு விட்ட இடமா? யாரோ நல்ல மனுஷர் எங்களுக்கு பார்க் பண்ண விட்டிருக்கிறாங்களெண்டெல்லோ நினைச்சன்.”