சர்க்கரைத் தண்ணீர் குடிக்காத எலிகள்

சுண்டெலிக்கும் மனச்சோர்வு வரும். அதை வரவைப்பதுதான் என் அக்காவின் ஆராய்ச்சி. கூண்டைச் சாய்த்து வைப்பது, படுக்கைத் தூளை ஈரமாக்குவது என்று தினம் ஒரு தொல்லை கொடுத்தால், ஒரு மாதத்தில் எலிக்கு எதிலும் பிடிப்பு விட்டுப்போகும். பிறகு கூண்டில் இரண்டு புட்டிகள்: ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். நல்ல எலி சர்க்கரையை விடாது. சோர்ந்த எலிக்கு இரண்டும் ஒன்றுதான். அதன் மூளையில் என்ன மாறியது என்று தெரிந்தால் மனிதனுக்கு மருந்து தேடலாம்.

படிப்பையும் விட்டு, இரவு வேலையையும் விட்டு, சுவரைப் பார்த்துக் கிடந்த என்னைக் கூண்டு கழுவ அவள்தான் சேர்த்துவிட்டாள். ஈரத் தூளை அள்ள எனக்குச் சோம்பல். அதனால் தொல்லைக் கூண்டுகள் அவளுக்கு, ஒப்பிடுவதற்காகத் தொல்லை கொடுக்காமல் சும்மா விட்டிருக்கும் கூண்டுகள் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

வந்தது வினை. சும்மா இருந்த எலிகளும் சர்க்கரைக்கு ஆசைப்படவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எலியே இல்லை. அடுத்த தொகுதியும் இப்படியென்றால் ஆய்வை மூடிவிடலாம் என்றார் பேராசிரியர். மூன்று வருட உழைப்பு. அக்கா சாப்பிடும்போதும் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"புதனும் வியாழனும் மட்டும் உன் எலிங்க நல்லா குடிச்சிருக்கு. அன்னிக்கு நீ எங்கடா போன?"

"பல் புடுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் நான் போட்டுக் கழற்றிய சட்டையை ஒரு கூண்டருகே வைத்தாள். எலிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டின. அவள் மேலங்கியை வைத்தபோது வழக்கம்போல் ஓடித் திரிந்தன. ஆண் வாடை எலிக்கு ஆகாது என்பது அவள் படித்ததுதான். தம்பியை ஆணாக அவள் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை போய்விடும் என்று நினைத்தேன்.

"நீ தினம் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து அங்க சும்மா உட்காரு. அதுங்களுக்குப் பழகிடும். அப்புறம் எல்லாக் கூண்டையும் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்ப்போம். ஈரத் தூளும் சேர்த்துத்தான்."

சும்மா உட்கார இவனைவிடத் தேர்ந்த ஆள் கிடையாது என்று வீட்டில் அம்மா சான்று கொடுத்தாள்.

உட்கார்ந்தேன். முதல் வாரம் முறைத்தன. மூன்றாம் வாரம் என் எதிரிலேயே மீசையைத் துடைத்துக்கொண்டன. புட்டிகளை எடைபோடும் நாளில் பேராசிரியரும் வந்து நின்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதால் நான்தான் எண்களைப் படித்தேன். தொல்லைக் கூண்டுகளில் இரண்டு புட்டியும் ஏறக்குறைய ஒரே எடை. சும்மா இருந்த கூண்டுகளில் சர்க்கரைப் புட்டி காலி.

பேராசிரியர் அடுத்த தொகுதி எலிகளுக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் கதவைச் சாத்தியதும் அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். நன்றாகவே வலித்தது.