கோட்டின் கனம்

கண்ணாடி மேசைக்கு அடியில் டியூப்லைட் எரிகிறவரைதான் வேலை. கடலூரில் அந்த வருஷம் நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாததால், வெண்மதி காலை எட்டரைக்கே நகரமைப்பு அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். பல ஊர்களுக்கும் சேர்த்துப் போட்ட மண்டலத் திட்ட வரைபடத்தின் பெரிதாக்கிய பிரதியைக் கண்ணாடிமேல் விரிப்பாள். அதன்மேல் சேந்தனேரி நகரின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை வைத்து, நான்கு மூலைகளிலும் டேப் ஒட்டுவாள். கீழிருந்து வெளிச்சம் வரும்போது இரண்டின் வண்ணங்களும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று தெரியும். அந்த இடத்துக்கு ஓர் எண் கொடுத்து, படிவத்தில் முரண் என்று எழுத வேண்டும்.

மொத்தம் பதினான்கு முரண்கள். பதின்மூன்றை உதவி இயக்குநர் ஞானசேகரன் தீர்த்துவிட்டார். மிச்சமிருந்தது ஏரிக்கரையில் உள்ள கீழ்க்கரைத் தெரு. நகரத் திட்டத்தில் அது மஞ்சள், குடியிருப்பு. மண்டலத் திட்டத்தில் நீலம், நீர்நிலை. 'தானே' புயலில் கூரை போனவர்களுக்கு அரசு அறிவித்திருந்த காங்கிரீட் வீடு மஞ்சளில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். கீழ்க்கரைத் தெருவில் கூரை போன வீடுகள் முப்பத்தேழு.

வெண்மதி ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கியபோது ஏரியின் எல்லைக்கோடும் பெரிதாகி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வந்திருந்தது. தெரு அந்தக் கோட்டுக்குள் கிடந்தது.

"சார், பதினாலாவது முரண் இல்ல சார்" என்றாள் ஞானசேகரனிடம். "கோடு கனமா இருக்கு, அவ்ளோதான்."

"புரியலம்மா."

"பழைய மண்டல மேப்பு அம்பதாயிரத்துல ஒண்ணு. அதுல ஒரு மில்லிமீட்டர் கோடுன்னா தரையில அம்பது மீட்டர். தெருவோட அகலமே முப்பத்தெட்டுதான். மொத்தமும் கோட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு."

"தெரு ஏரிக்கு வெளிய இருக்குன்னு மேப்பு சொல்லுதா?"

"சொல்லல சார்."

"அப்ப நீலம். நகரத் திட்டம்தான் மண்டலத் திட்டத்தோட ஒத்துப்போவணும். அது நம்ம திட்டத்தோட ஒத்துப்போவாது."

தெரு ஏரிக்கு உள்ளே இருக்கிறது என்றும் மேப் சொல்லவில்லையே என்பது, இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குத் தோன்றியது. கரண்டும் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை முப்பது மீட்டர் டேப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சிதம்பரத்தில் பஸ் மாறி, சேந்தனேரியில் இறங்கினாள். கீழ்க்கரைத் தெருவில் சுவர்கள் நின்றன. மேலே நீலமும் கறுப்புமாகத் தார்ப்பாய்கள், பறக்காமலிருக்க அவற்றின்மேல் செங்கல். டேப்பின் நுனியைப் பிடிக்க ஆள் தேடியபோது ஆரோக்கியம்மாள் வந்தாள். ரைஸ்மில்லில் நெல் காயவைக்கிறவள். கணுக்கால்வரை உமித்தூசி.

"எந்தக் கட்சி பாப்பா நீ?"

"கட்சி இல்லக்கா. ஆபீசுலேர்ந்து வரேன்."

"அதான பாத்தேன். கட்சிக்காரங்க டோக்கன் எடுத்துக்கினுதான் வருவாங்க, டேப்பு எடுத்துக்கினு வர மாட்டாங்க."

ஏரிக்குள் முழு நீர்மட்டத்தைக் காட்டும் கல் இருந்தது. அங்கிருந்து கரை மேலேறி, மறுபக்கம் இறங்கி, முதல் வீட்டுச் சுவர்வரை இரண்டு தடவை அளந்தார்கள். முப்பத்தொரு மீட்டர். நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கரை.

"இது ஏரிக்குள்ள இருக்குன்னு மேப்புல வந்திருக்குக்கா."

ஆரோக்கியம்மாள் டேப்பை விடாமல் கரையை நிமிர்ந்து பார்த்தாள். "புயலுலகூட ஏரித்தண்ணி இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. குடிக்க வேணும்னாக்கூட நாங்கதான் கொடத்த எடுத்துக்கினு ஏறிப் போறோம்."

"நகரத் திட்டத்துல ஆட்சேபணை இருந்தா அறுவது நாளுக்குள்ள எழுதிக் குடுக்கச் சொல்லி நகராட்சியில நோட்டீஸ் ஒட்டுனாங்களே, பாக்கலயாக்கா?"

"எப்ப ஒட்டுனாங்க?"

"டிசம்பர் கடைசி வாரம்."

"ஊட்டுக் கூரையவே தூக்கிக்கினு போன காத்து, நோட்டீச உட்டு வச்சிருக்குமா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "வூடு வந்துடுமில்ல பாப்பா?"

வெண்மதி டேப்பைச் சுற்றினாள். "எழுதிக் குடுக்கறேங்க்கா."

திங்கட்கிழமை, படம் வரைந்து அளவு குறித்த ஒரு பக்கக் குறிப்பை ஞானசேகரன் இரண்டு தடவை படித்தார். கால்குலேட்டரில் தட்டியும் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். "ஆனா மண்டலத் திட்டத்தைத் திருத்தணும்னா மெட்ராசுக்கு எழுதணும். ரெண்டு வருஷம் ஆவும். வெள்ளிக்கிழமை ஃபைல் போவலன்னா மொத்த ஊருக்கும் திட்டம் நின்னுடும். அறுவது நாள்ல ஒரு மனுவாவது வந்திருந்தா அத வச்சு நான் எதாவது செஞ்சிருப்பேன்."

வெண்மதி நகரவில்லை. அவளுடையது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை. அடுத்த புதுப்பிப்புத் தாளில் கையெழுத்துப் போடவேண்டியவர் இவர்தான்.

"ஒம்பதாவது முரண் சார். அந்த இன்ஜினியரிங் காலேஜ். அது கரைக்கு உள்பக்கம் இருக்கு. அதுக்கு மட்டும் கல்வி நிலம்னு ஊதா போட்டிருக்கோம்."

"அவுங்க ரெண்டாயிரத்து எட்டுலயே நிலப் பயன்பாடு மாத்தி ஆணை வாங்கிட்டாங்க. ஆணை இருந்தா முரண் இல்ல. உங்கிட்ட என்னா இருக்கு?"

"அளவு இருக்கு சார்."

"அளவு ஆணை ஆவாதும்மா." குறிப்பை அவளிடமே நீட்டினார். கோபம் எதுவும் இல்லை அவர் முகத்தில். "நீயே வச்சுக்க. நல்லா எழுதியிருக்க."

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் கீழ்க்கரைத் தெருவின் நான்கு எல்லைகளையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மஞ்சளை எடுத்துவிட்டு நீலத்தை நிரப்பினாள். படிவத்தின் கடைசி வரியில் 'தீர்க்கப்படாத முரண்கள்: இல்லை' என்று தட்டச்சு செய்தாள்.

பெரிய பிரிண்டர் ஏரியை மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே வந்தது. அகலமான ஏரி. கரையை நெருங்கும்போது நீல மை வெளுத்து, பட்டை பட்டையாகி, தீர்ந்தது. தாள் வெளியே வந்தபோது கீழ்க்கரைத் தெரு எந்த வண்ணமும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது.

"இன்னைக்கே போவணுமே" என்று ஞானசேகரன் வெளியே போய் டிரைவரைக் கூப்பிட்டார். மை வாங்கி வர ஜீப் புதுச்சேரிக்குப் பறந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது.

மறுபடி அடித்த தாளை மேசையில் விரித்தார்கள். நீலம் எங்கும் ஒரே சீராக விழுந்திருந்தது. அதன் நடுவே ஊதாவில் கல்லூரி, விளையாட்டு மைதானம்வரை தெளிவாகத் தெரிந்தது. ஞானசேகரன் ஆள்காட்டி விரலை ஏரிக்கரையின்மேல் வைத்து மெல்லத் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

"காஞ்சிடுச்சு" என்றார். "மடிச்சிடும்மா."