தானனா சொன்னது

காலையில் பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். சட்டைக் காலருக்கு மட்டும் இஸ்திரி போட்டேன். கூடத்தில் மாமியார் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா... அம்மா... நான் வரேன்..."

இறந்துபோன என் மனைவியின் குரல். தினமும் இந்த நேரத்துக்கு வரும். நான் காலுறை மாட்டினேன்.

பாடல் பதிவுக் கூடத்தில் குரல் திருத்துவது என் வேலை. சுருதி விலகினால் கணினியில் இழுத்து நேராக்குவேன். அவள் அங்கே ட்ராக் பாடினாள். பெரிய பாடகி வருவதற்கு முன் மெட்டைக் காட்டப் பாடிவைப்பது. அந்தப் பாடகி பாடியதும் இவள் குரலை அழித்துவிடுவோம். பாட்டு வரிகள் பெரும்பாலும் வந்திருக்காது. தானனா என்றே பாடுவாள். பதிவுக் கூடத்தில் அதுவே அவள் பெயராயிற்று.

அவள் பாட வந்த நாள் முதல் மாமியார் அவளோடு பேசவில்லை. "ஊருக்கெல்லாம் தொண்டையை வாடகைக்கு விடற பொழப்பு" என்று மற்றவர்களிடம் சொன்னார். சாவுக்கு வந்தார். அப்படியே தங்கிவிட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை?"

"மயக்கத்துல இருந்தா அத்தை."

தினமும் கேட்டார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். ஒருநாள், "செத்தவங்களை மெஷின்ல பேச வைக்கிறாங்களாமே. ஒரே ஒரு தடவை அம்மானு கேட்டாப் போதும்" என்றார்.

செய்துகொடுத்தேன். அழிக்காமல் கிடந்த ட்ராக்குகளைக் கொடுத்து மென்பொருளைப் பழக்கினேன். அது அவள் பேசிக் கேட்டதே இல்லை, பாடித்தான் கேட்டிருக்கிறது. எந்த வார்த்தையைத் தட்டினாலும் இழுத்துப் பாடியது. ஒரு சோப்பு விளம்பரத்துக்கு அவள் தானனாவில் போட்ட நடுக்கம் அப்படியே 'அம்மா'வில் ஏறி உட்கார்ந்தது. மாமியார் உடைந்து அழுதார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக்காட்டினார். முதலில் மெஷின் என்று சொன்னார். அப்புறம் சொல்லவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டில், "ஆஸ்பத்திரியில பதிவு பண்ணது" என்றார்.

நேற்று ராத்திரி அவருடைய தங்கை வந்திருந்தார். இன்று காலை இரண்டு முறை கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

"இப்படிக் கதறியிருக்கா. உங்களுக்கு ஒரு போன் போட மனசு வரலையா மாப்பிள்ளை?"

நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அவருக்கு எங்கடி மனசு? பொண்டாட்டி குரலையே அழிச்சுச் சம்பளம் வாங்கினவரு."

"அது மெஷின் பாடினது அத்தை. உங்களுக்கே தெரியும்."

"மெஷினுக்கு இப்படி அழத் தெரியுமா? பெத்த வயிறு எனக்குத் தெரியாதா? என்னைத் தேடியிருக்கா. நீங்க மறைக்கிறீங்க." தங்கையின் பக்கம் திரும்பினார். "நீயே கேளுடி. அவ கடைசியா என்னதான் சொன்னா? இவரு வாயாலயே வரட்டும்."

ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினேன்.

"உங்க நம்பரைப் போட்டேன் அத்தை. ரிங் போறதுக்குள்ள என் கையைப் பிடிச்சுட்டா. நல்ல நினைவோடதான் இருந்தா. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னா."

"என்னன்னு?"

அவள் சொன்னதில் நடுக்கமே இல்லை. நானும் அப்படியே சொன்னேன்.

"அம்மா வர்றதா இருந்தா, அதுக்கு முன்னாடி நான் போயிடறேன்."