ஐ.சி.யூ.வில் இருக்கேன், வாங்கடா

ஐ.சி.யூ. என்பது ஒரு முட்டைக் கடையின் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலகத்தில் இந்தச் சங்கதி தெரிந்தவர்கள் மொத்தம் நாலே பேர். அந்த நாலு பேருக்கும் இது தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

கல்லூரியின் பின்வாசலை ஒட்டி, சைக்கிள் கொட்டகைச் சுவரில் சாய்ந்தாற்போல் நின்ற தள்ளுவண்டி அது. ராத்திரி விடுதிச் சமையலறையைப் பூட்டிய பிறகுதான் அங்கே அடுப்பே எரியும். காற்றில் அணையாமலிருக்கக் கடைக்காரர் சுற்றிலும் பச்சைத் துணி கட்டியிருந்தார். உள்ளே ஒரே ஒரு பெஞ்சு, இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் தலையை நீட்டினால் கரண்டியை ஓங்குவார். முதல் இருவர் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்ற இருவரும் துணிக்கு வெளியே நின்றுகொண்டு, "பேஷண்ட் எப்படி இருக்கார்?" என்று குரல் கொடுப்பார்கள். "கஷ்டம்தான், இன்னும் ரெண்டு முட்டை ஏத்தணும்" என்று உள்ளிருந்து பதில் வரும்.

அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. பெயர் வந்ததும் மற்றவையெல்லாம் தானாக வந்து சேர்ந்தன. கடைக்காரர் பெரிய டாக்டர். தேநீர் ட்ரிப்ஸ். முட்டையைக் கொத்திப் போட்டால் போஸ்ட்மார்ட்டம். ரொட்டிக்குள் ஆம்லெட்டை மடித்து வைத்தால் பிளாஸ்திரி. கடையை விட்டுக் கிளம்புவதற்கு டிஸ்சார்ஜ். நாலு பேரில் கடைசி ஆள் வந்து சாப்பிடும்வரை யாருக்கும் டிஸ்சார்ஜ் கிடையாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை யாரும் மீறியதில்லை.

உள்ளதைச் சொன்னால் அந்த முட்டையில் அப்படியொன்றும் ருசி இல்லை. எண்ணெய் முந்தாநாள் எண்ணெய், ரொட்டியும் அப்படித்தான். மலிவு என்பதைத் தவிர வேறு பெருமை அதற்குக் கிடையாது. ஆனால் ஐம்பதை நெருங்கி, ரத்தக்கொதிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டு உப்பில்லாமல் சாப்பிடுகிறவனிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவான். இந்த நாலு பேரும் அந்த ரகம்தான். பாய்லர், வாத்தி, நெட்டை, ஜன்னல். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்களெல்லாம் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தன. முதல் வருடம் பந்து பட்டு முன்பல் போனதால் ஜன்னலுக்கு அந்தப் பெயர். பிறகு அவன் பொய்ப்பல் கட்டிக்கொண்டான், கல்யாணம் செய்துகொண்டான், நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் பொறியாளர் ஆனான். ஜன்னல் மட்டும் மூடவில்லை.

நாலு பேருக்கும் கைபேசியில் ஒரு குழு இருந்தது. அதில் நடக்கும் ஒரே வேலை ஐ.சி.யூ.வை நினைத்து உருகுவதுதான். யாராவது ஒருவன் வீட்டில் மனைவியோடு முட்டிக்கொண்டு வந்து, "ஐ.சி.யூ. போலாமாடா?" என்று எழுதுவான். உடனே மற்ற மூன்று பேரும் ஆர்டர் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோரும் ஒருமுறை நேரில் போய்ச் சாப்பிட வேண்டும் என்று பாய்லர் கொஞ்ச நாளாகக் குதித்துக்கொண்டிருந்தான். கல்லூரி இருந்த ஊரிலேயே தங்கிவிட்டவன் ஜன்னல் ஒருவன்தான். "கடை இன்னும் இருக்கான்னு போய்ப் பாக்கறேன். இருந்தா அங்கேருந்தே மெசேஜ் போடறேன், அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துடணும்" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

மெசேஜ் வந்தபோது நெட்டை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் குந்தியிருந்தான். படித்தது பொறியியல், பார்ப்பது கிரீஸ் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வான். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். ஆனாலும் கம்பிவடத்தைத் தானே தொட்டுப் பார்க்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. மேலே மோட்டார் அறையில் இருந்த மெக்கானிக்கை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கைபேசியைத் துடைத்துப் பார்த்தான்.

"ஐ.சி.யூ.ல இருக்கேன். வாங்கடா" என்று ஜன்னல் எழுதியிருந்தான்.

பாய்லர் முந்திக்கொண்டான். "எனக்கு ஒரு போஸ்ட்மார்ட்டம் சொல்லு. மிளகு தூக்கலா."

"பெரிய டாக்டர் இன்னும் உயிரோட இருக்காரா?" என்றான் வாத்தி.

நெட்டை விடுவானா? "ஃபோட்டோ போடு. இல்லாட்டி நம்ப மாட்டேன்" என்று தட்டிவிட்டான்.

ஜன்னல் வெகுநேரம் எழுதினான். எழுதுவதும் நிறுத்துவதுமாக இருப்பதைத் திரை காட்டியது. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "நெஜமாத்தான்டா. சீக்கிரம் வாங்க. கடைய கட்டப் போறாங்க."

அந்தப் பின்வாசலில், அந்தப் பச்சைத் துணிக்குப் பின்னால், இத்தனை வருடம் கழித்தும் அடுப்பு எரிகிறது என்று நெட்டைக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. வயது குறைந்துவிட்டாற்போலக்கூட இருந்தது. பகலில் எப்படிக் கடை போட்டார்கள் என்று அவன் யோசிக்கவில்லை. அப்படி யோசிக்கிற இடமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

மறுபடி மோட்டாரை ஓட்டச் சொன்ன நேரம் பார்த்து ஜன்னலின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். ஜன்னலின் மனைவி. கல்யாணத்தில் ஒருதரம் பார்த்ததுதான்.

"அண்ணா, நீங்க நெட்டைங்களா? இதுல அப்படித்தான் போட்டிருக்கு, கோவிச்சுக்காதீங்க."

"நெட்டையேதாம்மா. என்ன, உன்னையும் ஐ.சி.யூ.வுக்கு இழுத்துட்டு வந்துட்டானா?"

"நானும் இங்கதாங்க இருக்கேன்." குரல் கம்மியிருந்தது. லிஃப்ட் குழிக்குள் எல்லாக் குரலும் அப்படித்தான் கேட்கும் என்று நெட்டை நினைத்துக்கொண்டான்.

"பெரிய டாக்டர் என்ன சொல்றார்?"

"அவர்தாங்க முடிவு கேட்டுட்டு நிக்கறார். நீங்கல்லாம் கிளம்பிட்டீங்களான்னு இவர் கேக்கச் சொன்னார். நீங்க வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கட்டுமா, இல்ல…" மிச்சத்தை மோட்டார் சத்தம் விழுங்கியது.

நெட்டை குழி அதிரச் சிரித்தான். "கிளம்பியாச்சுன்னு சொல்லும்மா! இருந்த இடத்த விட்டு அசையக் கூடாதுன்னு சொல்லு அவன்கிட்ட. நாங்க வராம டிஸ்சார்ஜ் கிடையாது!"

"சரிங்கண்ணா" என்றாள் அவள். பெரிய பாரத்தை இறக்கி வைத்த மாதிரி ஒரு மூச்சு கேட்டது. நல்ல அடக்கமான பெண், ஜன்னல் கொடுத்து வைத்தவன் என்று நினைத்தபடி நெட்டை கம்பிவடத்தில் கை வைத்தான்.

அன்று முழுக்கக் குழு அமர்க்களப்பட்டது. எந்த வாரம் போகலாம், யார் விடுப்பு எடுப்பது, வாத்தியின் சர்க்கரைக்குப் பிளாஸ்திரி ஆகுமா ஆகாதா என்று பேச்சு நீண்டது. ஜன்னல் மட்டும் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. தின்றுவிட்டுத் தூங்கியிருப்பான் என்று தீர்ப்புச் சொன்னான் பாய்லர்.

மறுநாள் காலை ஜன்னலின் எண்ணிலிருந்து இன்னொரு மெசேஜ் வந்தது. "அவர் விடியக்காலைல தவறிட்டார். ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்."

அந்தக் குழு உண்டானதிலிருந்து முதல்முறையாக யாரும் பதில் போடவில்லை. நெட்டை சமையலறை வாசலில் நின்றபடி முந்தின நாள் எழுதியதையெல்லாம் கீழிருந்து மேலாகப் படித்தான். நெஜமாத்தான்டா. அந்த ஒரு சொல்லில் அவன் கண் போய் மாட்டிக்கொண்டது. பாவி, எவ்வளவு பாடுபட்டு அதை எழுதினானோ. பல் துலக்கிக்கொண்டிருந்த மகள், "என்னாச்சுப்பா?" என்று கேட்டாள். அவன் பாய்லரின் எண்ணை அழைத்தான்.

மூன்று பேரும் பேருந்து நிலையத்தில் சந்தித்துக்கொண்டார்கள். வயிறு தள்ளிய பாய்லர் பேருந்தில் ஏறியதிலிருந்து முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதான். "மிளகு தூக்கலான்னு எழுதினேனேடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்த வாத்திதான் நடக்க வேண்டியதைப் பேசினான்.

"அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறக்காதீங்க. கிளம்பினோம், பஸ் நடுவழியில நின்னுடுச்சு. அவ்வளவுதான். புரியுதா நெட்டை?"

நெட்டை தலையாட்டினான். அவனுக்கு அவள் என்ன நினைப்பாள் என்பதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் அவனைக் குடைந்தது. உயிர் போகிற நேரத்தில் கூப்பிட்டேன், இந்தப் பயல்கள் கேலி பண்ணிவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டு செத்தானா, இல்லை வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டு செத்தானா? நம்பியிருந்தால் போதும். அது ஒன்று தெரிந்துவிட்டால் மிச்ச நாளை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றிருந்தது.

சின்ன ஆஸ்பத்திரி. கீழே மருந்துக்கடை, மாடியில் ஐந்தாறு அறைகள். வராந்தாக் கோடியில் ஒரு அறையில் ஜன்னலைக் கிடத்தியிருந்தார்கள். மூச்சுக்குழாய் போட்டபோது பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டார்களாம். வாய் லேசாகத் திறந்திருக்க, முன்பல் இருந்த இடத்தில் அந்தப் பழைய சந்து தெரிந்தது. முதல் வருடத்து முகம் அப்படியே வந்துவிட்டது. பாய்லர் அதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணிப்பை, அதன்மேல் அவனுடைய சட்டை மடித்து வைத்திருந்தது. வெளியூரில் படிக்கும் மகன் வந்துகொண்டிருக்கிறான் என்றாள். மூன்று பேரையும் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுது தீர்த்த முகம்.

"வந்துட்டீங்களா" என்றாள். குற்றம் சொல்லும் குரலாக அது இல்லை.

"பஸ் நடுவழியில நின்னுடுச்சும்மா" என்றான் வாத்தி. "ராத்திரி முழுக்க ரோட்டுலயே கெடந்தோம்."

"அவரும் அதாங்க சொல்லிட்டே இருந்தார். 'வண்டி ஏதாவது மக்கர் பண்ணியிருக்கும், எப்படியும் வந்துடுவானுங்க'ன்னு. மூச்சு விட முடியல, அப்பவும் அதேதான். நடுவுல ஃபோன எடுத்துப் பாத்து என்னவோ சிரிச்சார். என்னன்னு கேட்டேன். 'ஆளாளுக்கு ஆர்டர் குடுத்துட்டானுங்க, அப்ப வர்றானுங்கன்னு அர்த்தம்'னார்."

நம்பியிருக்கிறான். பச்சைத் துணிக்கு வெளியே நின்று கேலி பேசுகிறவர்கள் எப்படியும் உள்ளே வந்துவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். நெட்டை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

அவள் அவனைப் பார்த்தாள். "நீங்கதானே நெட்டை அண்ணன்? குரல வெச்சு நெனச்சேன், உயரமா இருப்பீங்கன்னு." பிறகு மெதுவாக அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஃபோன ஸ்பீக்கர்லதாங்க போட்டிருந்தேன். நீங்க பேசினது அவருக்கும் கேட்டுச்சு. நீங்க சிரிச்சீங்கல்ல, அவரும் சிரிச்சார். முகத்துல இருந்த மாஸ்க்க விலக்கிட்டு, 'நெட்டை சொல்லிட்டான்ல, இனி அசைய மாட்டேன்'னார்."

"அசையறதுன்னா?" என்றான் நெட்டை.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னு பெரிய டாக்டர் சொன்னாரேங்க. நெஞ்சுல இருக்கற அடைப்ப எடுக்கற மெஷினு இங்க இல்லையாம். ஆம்புலன்ஸ் வாசல்ல வந்து நின்னுட்டிருந்துது. அதத்தான் உங்ககிட்ட கேட்டேன். எனக்கும் பயங்க, அவ்வளவு பெரிய ஊர்ல தனியா என்ன பண்ணுவேன்? ஆம்பளைங்க மூணு பேர் வர்றாங்கன்னா தைரியமா இருக்கும்னு தோணுச்சு. டாக்டர் சத்தம் போட்டார். இவர் கேக்கல. 'பசங்க இங்க வந்து தேடுவானுங்க, எல்லாருமா சேந்து காலைல போலாம்'னு வண்டியத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டார்."

வராந்தாவில் ஒரு செவிலி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வாத்தி குனிந்து நெட்டையின் தோளை அழுத்தினான். பேசாதே என்று விரல்கள் சொல்லின.

"கடைசியா அவரச் சிரிக்க வெச்சது நீங்கதாண்ணா. என் உசிரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள் அவள். பையின் மேலிருந்த சட்டையை எடுத்து மறுபடி ஒருதரம் பிரித்து மடித்தாள். அப்புறம் நெடுநேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்பதுபோல நிமிர்ந்தாள்.

"ஏண்ணா, 'நாங்க வராம டிஸ்சார்ஜ் கிடையாது'ன்னீங்களே. அவர் இனிமே வீட்டுக்கு வர மாட்டார்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

நெட்டை வாயைத் திறந்தான். வாத்தியின் விரல்கள் தோளில் இன்னும் அழுந்தின.

"தெரியாதும்மா" என்றான் நெட்டை. "எங்களுக்கு எதுவுமே தெரியாது."

அவள் தலையாட்டினாள். அவன் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.