கலுவா சாகக் கூடாது

"அழகையா! கயித்த இறக்குடா!"

மஹய்யாவ மேட்டிலிருந்து சுவக்கின் உருண்டுவிடாத குறையாக ஓடிவந்தார். தொப்பி ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம். கீழே விகாரை வாசலில் நகரசபையின் நாய் பிடிக்கும் வண்டி நின்றது. அழகையாவின் சுருக்குக் கயிறு விகாரை நாய் கலுவாவின் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடியது.

சுவக்கின் பாய்ந்து நாயைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, ஒங்களக் கடிச்சதே இதுதானே!" அழகையா வாயைப் பிளந்தான். "அதையே கட்டிப் புடிக்கிறீங்க?"

பிடிக்காமல் என்ன செய்வார்? டாக்டர் சொன்னது அப்படி. "பத்து நாள் நாயக் கவனிங்க. அது நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருப்பீங்க. நடுவுல செத்தாலோ காணாமப் போனாலோ, கொழும்புக்குப் போய் வயித்துல பதினாலு ஊசி." இன்று ஒன்பதாம் நாள். ஊசி என்றாலே சுவக்கினின் தொப்புள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

தேயிலைக் கந்தோருக்கு வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை, நாயைப் பார்க்க விகாரைக்கு நடந்தார். மூன்றாம் நாள் அதன் வாயில் வெள்ளையாக நுரை. "சேசுவே!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். விகாரையின் பிக்கு விரலால் துடைத்துக் காட்டினார். பாற்சோறு! ஐந்தாம் நாள் தண்ணீர்க் குவளையைக் கண்டதும், விசர் நோய் தொற்றியவர்போலத் தமக்கே தொண்டை அடைத்தது.

"நாய் ஒரு தடவதான் கடிச்சிச்சு மாத்தயா," என்றார் பிக்கு. கம்பளைத் தோட்டப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் சரளமாக வரும். "மிச்சக் கடியெல்லாம் நீங்களே கடிச்சுக்கிறது."

இப்போது அதே பிக்கு சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். மேட்டிலிருந்து சுவக்கினின் மனைவி டொரதியும் இரைக்க இரைக்க இறங்கிவந்தாள்.

"பிராது குடுத்ததே நான்தான்! சும்மா போன மனுசனக் கடிச்ச நாய விட்டு வைக்கிறதா?"

'சும்மா போனேன், கடிச்சிருச்சு' என்று அவளிடம் சொன்னவர் சுவக்கினேதான். கடிபட்ட அன்று பெரிய வெள்ளிக்கிழமை, இறைச்சி தொடக்கூடாத ஒருசந்தி நாள்; துவாலை சுற்றிய கையோடு கோயிலில் நின்று சிலுவைப்பாதை வாசித்தார். பெண்கள் தேம்பினார்கள். டொரதிக்கு அன்று தலை கூரையைத் தொட்டது. ஊசிக் கதையை மட்டும் அவளிடம் மறைத்துவிட்டார்.

"சட்டம் இதுதான்," என்றான் அழகையா. "காரணமில்லாமக் கடிச்சா விசர் நாய், கொண்டுபோய்ச் சுடணும். காரணம் இருந்தா எனக்கு இங்க வேலையில்ல."

பிக்கு சிரித்தார். "காரணமில்லாம எது வந்திருக்கு? மாத்தயா, கல்லால அடிச்சீங்களா?"

"இல்ல சாமி. வால மிதி..."

"மிதிக்கவே இல்ல!" டொரதி முந்திக்கொண்டாள். "பத்தடி பின்னால நானும் வந்தேனே. அது பக்கம் திரும்பக்கூட இல்ல. கோட்டுப் பையில கைய விட்டுக்கிட்டு, பக்தியாக் கோயிலுக்குப் போய்க்கிட்டு இருந்தாரு."

"அப்ப நாய்க்கு எதுமேலயோ ஆச வந்திருக்கு," என்றார் பிக்கு. "ஆச வந்தா, கண்ணுலயோ மூக்குலயோ ஏதோ பட்டிருக்கும். என்ன பட்டிச்சு மாத்தயா?"

சுவக்கின் நாயைப் பார்த்தார். நாய் அவர் முகத்தை நக்கியது. கயிறு மறுபடி ஆடியது. ஒரு பக்கம் பதினாலு ஊசி. மறுபக்கம், ஊசி தேவையில்லை, டொரதியின் கண்ணே போதும்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆசதான் சாமி," என்றார் கம்மிய குரலில். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவி நின்ற பக்கம் திரும்பினார்.

"டொரதி, பையில பாயிஸ் நானா கடை மாட்டிறைச்சி வறுவல் இருந்திச்சு. ரெண்டு துண்ட நீ பாக்காம வாயில போட்டுட்டேன். மூணாவதுக்குத்தான் இது பாஞ்சிச்சு."